தோற்ற மறுநாள்: 'பின்தொடரும் நிழலின் குரல்' நாவலை கும்மிடிப்பூண்டியிலிருந்து வாசித்தல்

ஜெயமோகனின் 'பின்தொடரும் நிழலின் குரல்' 1999-ல் தமிழினி வெளியீடாக வந்தது. சோவியத் யூனியன் கலைந்து அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. இந்த நாவலைப் பற்றி கால் நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கும் சண்டை எனக்குச் சலித்துவிட்டது. ஒரு தரப்பு இதை கம்யூனிச எதிர்ப்புப் பிரச்சாரம் என்கிறது, இன்னொரு தரப்பு அறத்தின் குரல் என்கிறது. இரண்டு தரப்பும் நாவல் கேட்பது ஒரே கேள்வியைத்தான் என்று நம்புகின்றன. ஒரு பெரிய கனவின் பெயரால் நடந்த கொலைகளுக்கு யார் பொறுப்பு என்பது அந்தக் கேள்வி. அது பெரிய கேள்விதான், சந்தேகமில்லை. ஆனால் அதே நாவலுக்குள் வேறொரு கேள்வியும் இருக்கிறது. ஆசிரியரே அந்தக் கதவைத் திறந்து வைக்கிறார், உள்ளே போகாமல் நகர்ந்துவிடுகிறார். பழைய தலைமை போய்விட்டது, சரி. மறுநாள் காலை ஆபீஸை யார் திறப்பது? உள்ளே இருக்கும் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது? இந்தக் கட்டுரை அந்தச் சாவியைப் பற்றியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அருணாசலம் ஒரு தொழிற்சங்க ஆள். அவனை வளர்த்தெடுத்த மூத்த தலைவர் கே.கே.மாதவன் நாயர் ஒதுக்கப்பட்டு, அந்த இடத்துக்கு அருணாசலம் வருகிறான். அதாவது நாவல் தொடங்குவதே ஒரு சின்ன ஆட்சி மாற்றத்தில். பிறகு வீரபத்திர பிள்ளை என்ற, கட்சியின் நினைவிலிருந்தே துடைத்து அழிக்கப்பட்ட ஒருவர் எழுதிய காகிதங்கள் அவன் கைக்கு வருகின்றன. வீரபத்திர பிள்ளை செய்த குற்றம், புகாரினுக்கு என்ன நடந்தது என்று கேட்டது. அங்கிருந்து நாவல் மாஸ்கோவுக்குப் போகிறது. கதைகள், நாடகங்கள், கடிதங்கள், கவிதைகள் என்று எழுநூறு பக்கங்களுக்கு மேல் விரிகிறது.

புகாரின் விஷயத்தில் வரலாறே நாவலைவிடப் பயங்கரமானது. 1937 பிப்ரவரியில் கைது. 1938 மார்ச்சில் விசாரணை, அதே மாதம் 15-ம் தேதி சுட்டுக்கொன்றார்கள். கைதுக்கு முன்பு தன் கடைசிக் கடிதத்தை இளம் மனைவி அன்னா லாரினாவுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார். காகிதத்தில் இருந்தால் அழித்துவிடுவார்கள் அல்லவா? லாரினா சிறையிலும் முகாமிலும் நாடுகடத்தலிலுமாக ஏறத்தாழ இருபது வருடங்களைக் கழித்தார். அந்த வரிகளைத் தனக்குத்தானே சொல்லிச் சொல்லிக் காப்பாற்றினார். 1988 பிப்ரவரியில்தான் சோவியத் அரசு புகாரின் நிரபராதி என்று சொன்னது. ஐம்பது வருடம்! ஒரு நாட்டின் ஆவணக் காப்பகத்தைவிட ஒரு பெண்ணின் ஞாபகசக்தி நம்பகமாக இருந்திருக்கிறது. லாரினாவின் கதையைத் தன் நாவலுக்குள் கொண்டுவந்ததற்காகவே ஜெயமோகனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோன ஒன்றை, தமிழில் ஒருவர் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயமாக மாற்றியிருக்கிறார். தமிழ் நாவலில் அது முன்னால் நடந்ததில்லை.

என் புகார் வேறு. மாஸ்கோவுக்குப் போன நாவல், அந்தத் தொழிற்சங்க ஆபீஸுக்கு முழு மனதோடு திரும்பி வருவதே இல்லை. அருணாசலத்தின் மனம் கொந்தளிக்கிறது, சிதறுகிறது, மீள்கிறது. அவன் மனைவி நாகம்மை வரும் பக்கங்கள் மட்டும் தரையில் கால் ஊன்றி நிற்கின்றன. ஆனால் சந்தா கட்டும் தொழிலாளி? கே.கே.எம் போனதும் அவனுக்கு என்ன மாறியது? யாரிடம் போய் லீவு பிரச்சினையைச் சொல்வான்? நாவலில் வதைபடுகிறவர்கள் பெரும்பாலும் வாசித்தவர்கள், வாசித்ததாலேயே வதைபடுகிறவர்கள். வாசிக்காதவனுக்கும் ஒரு சோவியத் யூனியன் உடைந்திருக்கும், இல்லையா?

இங்கே என் தொழிலிலிருந்து ஒரு விஷயம். சாஃப்ட்வேரில் மைக்ரேஷன் என்று ஒரு வேலை உண்டு. பழைய சிஸ்டத்தை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறுவது. சனிக்கிழமை ராத்திரி மாற்றுவோம், கேக் கூட வெட்டுவோம். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முதல் ஆள் லாகின் செய்யும்போதுதான் மாறியிருக்கிறதா இல்லையா என்று தெரியும். பல சமயம் திரை புதிதாக இருக்கும், பின்னால் டேட்டாபேஸில் அதே பழைய டேபிள்கள், அதே பழைய அனுமதிப் பட்டியல் இருக்கும். யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்பதைப் பழைய ஆட்களே தீர்மானித்துக்கொண்டிருப்பார்கள்.

நாடுகளுக்கும் இந்தத் திங்கட்கிழமை உண்டு. சாமுவேல் ஹண்டிங்டன் 1991-ல் எழுதிய 'மூன்றாவது அலை' புத்தகத்தில் ஒரு எளிய சோதனை வைக்கிறார். (அவருடைய மற்ற பல கருத்துகளோடு எனக்கு ஒட்டாது, இது மட்டும் உருப்படி.) மாற்றத்துக்குப் பிறகு முதல் தேர்தலில் ஜெயித்த தரப்பு பிற்பாடு ஒரு தேர்தலில் தோற்று, ஜெயித்தவரிடம் ஆட்சியைக் கொடுக்கவேண்டும். அப்படி வந்தவரும் பிறகு தோற்று, அமைதியாக விலகவேண்டும். இரண்டு முறை கை மாறினால் ஜனநாயகம் வேர் பிடித்தது என்று கொள்ளலாம். ஜெயிப்பதல்ல, தோற்பதுதான் அளவுகோல்.

போலந்து இந்தச் சோதனையில் தேறியது. 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் நகரத்தின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு வேலைநிறுத்தம். அதிலிருந்து 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் பிறந்தது, உச்சத்தில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் உறுப்பினர்கள். 1989 ஜூன் தேர்தலில் செனட்டின் 100 இடங்களில் 99 அவர்களுக்கு. அடுத்த வருடம் அந்தத் தளத்தின் எலெக்ட்ரீஷியன் லேக் வலேசா ஜனாதிபதி. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. பிந்தைய பகுதியை நம்மவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. 1993-ல் பழைய கம்யூனிஸ்டுகளின் கட்சியே தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தது. 1995-ல் வலேசா ஒரு முன்னாள் கம்யூனிஸ்டிடம் தோற்றார். 1996-ல் அந்தக் கப்பல் தளமே திவாலானது. தன்னைப் பெற்றெடுத்த தொழிற்சாலையைக்கூடக் காப்பாற்ற முடியாத சங்கம், ஆனால் தோற்றபோது நாற்காலியை விட்டு எழுந்துபோன சங்கம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினால் அது எவ்வளவு பெரிய நாவல்!

பெலாரஸ் தேறவில்லை. 1994-ல் லுகாஷென்கோ நேர்மையான ஒரு தேர்தலில்தான் ஜெயித்தார். 1996-ல் ஒரு வாக்கெடுப்பு, அதிகாரம் அவர் கையில் குவிந்தது. 2004-ல் இன்னொன்று, எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்றாயிற்று. 2020 ஆகஸ்டில் தனக்கு 80 சதவீதம் என்று அறிவித்துக்கொண்டார், மின்ஸ்க் தெருக்கள் நிரம்பின. போராட்டத்தின் ஒருங்கிணைப்புக் குழுவில் இருந்த ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் அந்த செப்டம்பரில் ஜெர்மனிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. 2015-ல் நோபல் வாங்கியவர்.

அலெக்ஸியேவிச்சை இழுக்கக் காரணம் இருக்கிறது. 2013-ல் அவர் வெளியிட்ட 'செகண்ட் ஹேண்ட் டைம்' ஜெயமோகன் நாவலின் எதிர்ப்பக்கம் போன்ற புத்தகம். அதில் ஆசிரியர் குரல் கிட்டத்தட்ட இல்லை. ஜனங்கள் சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கடைக்கு சாஸேஜ் வந்தது பற்றி, ஒரே ராத்திரியில் ஒன்றுமில்லாமல் போன சேமிப்பைப் பற்றி, மெடல்களைத் தெருவில் விற்றது பற்றி. ஸ்டாலின் காலத்தில் சிறைப்பட்டவரே அந்தக் காலத்துக்காக ஏங்குகிறார். வாசிக்கும்போது எரிச்சல் வரும், பிறகு எரிச்சல் அடங்கும். இவர்கள் இழந்தது ஒரு சித்தாந்தத்தை அல்ல என்று அப்போது புரியும். கட்சியின் வழியாகத்தான் வீடு, கட்சியின் வழியாகத்தான் வேலை, சானடோரியம், பிள்ளைக்குப் படிப்பு. அந்த வழி மூடிவிட்டது, வேறு வழி திறக்கவில்லை. அறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது இந்த வழியைப் பற்றி. ஜெயமோகனிடம் இல்லாதது அலெக்ஸியேவிச்சிடம் இருக்கிறது. அலெக்ஸியேவிச்சிடம் இல்லாத ஒன்றும் ஜெயமோகனிடம் இருக்கிறது: தான் நம்பியதைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் ஒரு மனம். அவருடைய ஆட்கள் அழுகிறார்கள், அருணாசலம் மாதிரி வாதாடுவதில்லை.

சரி, மின்ஸ்க்கும் வார்சாவும் தூரம். கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பின்னான ஒரு நிலம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் நின்றால் அதற்கு நேர்ச் சாலையும் உண்டு. கொல்கத்தாவிலிருந்து சென்னை வரும் தேசிய நெடுஞ்சாலை 16 எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஹௌரா ரயில் பாதையும் அப்படித்தான். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இங்கே நிற்காது, சென்ட்ரல் போய் இறங்கி லோக்கல் பிடித்துத் திரும்பி வரவேண்டும். அப்படித் திரும்பி வருகிறவர்கள்தான் இன்று சிப்காட்டின் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களிலும் கம்பி ஆலைகளிலும் ஷிப்ட் பார்க்கிறார்கள். ஒடியா, பிகாரி, அசாமி, வங்காளி. இரவு எட்டு மணிக்கு பஜாரில் நடந்தால் தமிழைவிட மற்றது அதிகமாகக் காதில் விழும்.

மேற்கு வங்கத்தில் இடது முன்னணி 1977 ஜூனிலிருந்து 2011 மே வரை ஆண்டது. 34 வருடம், ஒரே ஒரு முதல்வர் மாற்றம். தேர்தல் வழியாக வந்து இவ்வளவு காலம் தொடர்ந்து இருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அதை மாஸ்கோவோடு ஒப்பிடுவது அநியாயம் என்பது தெரியும். அங்கே குலாக் இல்லை, தேர்தல் இருந்தது, பத்திரிகைகள் திட்டிக்கொண்டே இருந்தன. தொடக்கம் நேர்மையானது. 1978-ல் ஆரம்பித்த ஆபரேஷன் பர்காவில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட குத்தகை விவசாயிகளின் பெயர் பதிவேட்டில் ஏறியது. ஜமீன்தாரின் வாய்வார்த்தையை நம்பி உழுதவனுக்கு முதல்முறையாக ஒரு காகிதம் கிடைத்தது. அதே வருடம் கட்சிச் சின்னத்தில் பஞ்சாயத்துத் தேர்தல். அதிகாரம் கிராமத்துக்கு வந்தது.

கிராமத்துக்கு வந்த அதிகாரம் கட்சி ஆபீஸில் போய் உட்கார்ந்துகொண்டது. அரசியலறிஞர் துவைபாயன் பட்டாச்சார்யா இதற்குக் 'கட்சிச் சமூகம்' என்று பெயர் வைத்தார். சாதி, கோயில், குடும்பம் என்று மற்ற ஊர்களில் பல வழிகளில் தீரும் காரியங்கள் வங்காளக் கிராமத்தில் ஒரே வழியில் தீர்ந்தன. வரப்புத் தகராறு, கல்யாணத் தகராறு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளி வாத்தியார் வேலை எல்லாவற்றுக்கும் கட்சி. ஒருவகையில் இது முன்னேற்றம். ஜமீன்தார் வீட்டுத் திண்ணையில் கைகட்டி நின்றவனின் பேரன் கட்சி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பேசினான். ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்று ஆகிவிட்டால், அந்தச் சாவியைப் பிடித்திருப்பவனைத் தோற்கடிக்கவும் முடியாது, தோற்கடித்துவிட்டுப் பூட்டை மாற்றவும் முடியாது. 2003 பஞ்சாயத்துத் தேர்தலில் ஏறத்தாழ பத்தில் ஒரு இடம் போட்டியே இல்லாமல் நிரம்பியது. எதிர்த்து மனு போட ஆளில்லை என்றால் எல்லோரும் திருப்தி என்று அர்த்தமா? நம்ம ஊர் ஊராட்சியில் யாராவது ஏலம் விட்டுத் தலைவர் பதவியை முடித்தால் நாம் அதை ஒற்றுமை என்றா சொல்கிறோம்?

பிறகு சிங்கூர், நந்திகிராம். 2007 மார்ச் 14 அன்று நந்திகிராமத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் செத்தார்கள். நிலம் கொடுத்த கட்சி, தொழிற்சாலைக்காக நிலத்தைக் கேட்டபோது கிராமம் திரும்பியது. 2006-ல் 235 இடம் வைத்திருந்த முன்னணி 2011-ல் 62-க்கு வந்தது. முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா தன் ஜாதவ்பூர் தொகுதியிலேயே தோற்றார். உடனே ராஜினாமா செய்தார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 34 வருட ஆட்சி ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டு எண்ணிக்கையில் முடிந்தது, ராணுவம் வரவில்லை, தந்தி ஆபீஸை யாரும் கைப்பற்றவில்லை. ஹண்டிங்டனின் முதல் பாதிச் சோதனை தேறியாயிற்று. மஹாஸ்வேதா தேவி உட்பட கொல்கத்தாவின் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் 'மாற்றம்' வேண்டும் என்று தெருவில் இறங்கியிருந்தார்கள். ஆட்சி மாறிய சில மாதங்களிலேயே அதே மஹாஸ்வேதா தேவி புதிய ஆட்சியைக் கண்டித்துப் பேச நேர்ந்தது.

அடுத்து நடந்தது 'திரை புதிது, டேபிள் பழையது' கதைதான். 2018 பஞ்சாயத்துத் தேர்தலில் 58 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட இடங்களில் 20 ஆயிரத்துக்கும் மேல் போட்டியின்றி ஆளும் கட்சிக்குப் போனது. மூன்றில் ஒன்று. முன்பு பத்தில் ஒன்று. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த முடிவுகளை ரத்து செய்ய முடியாது என்று ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 2019 ஜூனில் முதல்வர் மமதா பானர்ஜியே தன் கட்சிக்காரர்களைப் பார்த்து, மக்களிடம் வாங்கிய 'கட் மனி'யைத் திருப்பிக் கொடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். திட்டப் பணத்தில் கட்சி ஆள் எடுக்கும் பங்குக்கு அங்கே அதுதான் பெயர். 2021-ல் சட்டமன்றத்தில் இடதுசாரிகளுக்கு ஒரு இடம்கூட இல்லை. தோற்ற கட்சி எதிர்க்கட்சியாக உட்கார இடம் கிடைக்கவில்லை, கரைந்தே போனது. கட்சிச் சமூகத்தில் ஆட்சியில் இல்லாத கட்சிக்கு வேலை கிடையாது. சாவி இல்லாதவனை யார் தேடி வருவார்கள்?

எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் முர்ஷிதாபாத்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஃபர்னஸில் வேலை, இந்தியும் தமிழும் கலந்து பேசுவார். அவருடைய ஊரில் வீடு கட்டும் திட்டத்துக்குப் பெயர் எழுதும் ஆள் பற்றிச் சொன்னார். "முன்னாடி செங்கொடிண்ணே. இப்ப பூக்கொடி. ஆளு அதே ஆளுதான். வீட்டு வாசல்ல பெயின்ட் மட்டும் மாறிச்சு." ஓட்டுப் போட இவ்வளவு செலவு செய்துகொண்டு ஏன் ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "போகலைன்னா லிஸ்ட்ல பேரு இருக்காது. எந்த லிஸ்ட்னு கேக்காதீங்க, எல்லா லிஸ்ட்லயும்தான்." கூட்டத்தில் உட்கார இடமில்லாத ரயிலில் இரண்டு நாள் போய் ஒரு மனிதன் ஓட்டுப் போடுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் ஜனநாயக உற்சாகம். அவருக்கு அது ஆஜர் போடுவது.

இவர் வாழ்க்கையை 'பின்தொடரும் நிழலின் குரல்' வாசித்துப் புரிந்துகொள்ள முடியுமா? என்னால் முடியவில்லை. அங்கே கொலையாளி இல்லை, சித்தாந்தமும் இல்லை, குற்றவுணர்வுக்கும் இடமில்லை. பெயின்ட் மாற்றிய ஒரு வாசல் மட்டும் இருக்கிறது.

வங்காளத்தைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குத் தகுதி கிடையாது, அதையும் சொல்லவேண்டும். அப்பா சிப்காட்டில் ஒரு ஆலையில் ஃபிட்டர். சங்கத்து ஆள். கேட் மீட்டிங், மே தினக் கொடி, போனஸ் பேச்சுவார்த்தை எல்லாம் பார்த்து வளர்ந்தேன். அந்தச் சங்கத்தில் எனக்குத் தெரிந்து ஒரே தலைவர்தான். நல்ல மனிதர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார். தேர்தல் என்று ஒன்று வருடா வருடம் மினிட்ஸ் புக்கில் நடந்தது, தெருவில் நடக்கவில்லை. அவர் இறந்ததும் ஆறு மாதத்தில் சங்கம் மூன்றாக உடைந்தது. கையெழுத்துப் போட யாருக்கு உரிமை, பேங்க் பாஸ்புக் யாரிடம் என்பதில் தொடங்கிய சண்டை லேபர் ஆபீஸ் வரை போனது. நிர்வாகம் சந்தோஷமாக மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசியது. அதற்குப் பிறகு எடுத்த ஆட்கள் எல்லோரும் காண்ட்ராக்ட். இன்று அந்த கேட்டுக்குள் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் முதலாளி யார் என்றே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆளைக் கூட்டி வருபவர், ரூம் பிடித்துத் தருபவர், அட்வான்ஸ் கொடுப்பவர், சம்பளத்தில் பிடிப்பவர் எல்லாம் ஒரே சூப்பர்வைசர். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி. கட்சிச் சமூகத்துக்குப் பதிலாக இங்கே ஒரு காண்ட்ராக்டர் சமூகம் இருக்கிறது.

நம் சட்டமும் இதில் உதவவில்லை. 2025 வரை அமலில் இருந்த 1926-ம் வருடத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி சொன்னது. பல சங்கங்கள் இருந்தால் பேசும் உரிமை யாருக்கு என்பதற்கு ரகசிய வாக்கெடுப்பை அது கட்டாயமாக்கவில்லை. பதிவே பெரிய போராட்டம் என்பதை 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் பார்த்தோம். செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம். சம்பளமும் கோரிக்கைதான், ஆனால் சங்கத்துக்கு ஒரு பெயரும் பதிவு எண்ணும் கிடைப்பதில்தான் விவகாரம் சிக்கி நின்றது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. பெர்லின் சுவர், வார்சா வட்டமேஜை என்று பேசுகிறவர்களுக்கு ஒரு பதிவு எண் அற்பமாகத் தெரியலாம். சாலிடாரிட்டியும் 1980-ல் அதற்காகத்தான் வார்சா நீதிமன்றத்தில் நின்றது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் என்னை மடக்கினார். "யோவ், நாவல்கிட்ட போய் பஞ்சாயத்து ராஜ் சட்டம் கேக்கறியா? அது இலக்கியம்யா." நியாயமான அடி. ஆனால் இந்த நாவல் தன்னைச் சின்ன விஷயமாக வைத்துக்கொள்ளவில்லை. வரலாற்றுக்கும் அறத்துக்கும் நடுவில் நடக்கும் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வருகிறது, கடைசியில் கிறிஸ்துவையே வரவழைக்கிறது. அவ்வளவு பெரிய நீதிமன்றத்தைக் கட்டினால், குமாஸ்தாவுக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறார்களா என்று நான் பார்க்கத்தான் செய்வேன். வரலாறு ஒரு பக்கம், தனிமனித மனசாட்சி மறு பக்கம் என்று தராசு பிடிக்கும்போது நடுவில் இருப்பது காணாமல் போகிறது. மினிட்ஸ் புக், சந்தா ரசீது, வாக்குச் சீட்டு, பதவிக்காலம், இரண்டு முறைக்கு மேல் நிற்கக்கூடாது என்கிற ஒரு வரி. வீரபத்திர பிள்ளையைக் காப்பாற்றியிருக்கக்கூடியது கட்சித் தோழர்களின் மனசாட்சி அல்ல. கேள்வி கேட்டவனை நீக்க வேண்டுமானால் பொதுக்குழுவில் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற ஒரு விதி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். விதி இருந்தும் காப்பாற்றாமல் போகலாம், அதுவும் நடக்கும். ஆனால் அந்த விதிக்கான சண்டையே நாவலில் இல்லை. மனசாட்சி பழுதாகிவிட்டதால் எல்லாம் பழுது என்றால், நல்ல மனசாட்சி உள்ள தலைவர் வந்தால் சரியாகிவிடும் என்றுதானே அர்த்தம்? அப்பாவின் சங்கத் தலைவருக்கு மனசாட்சியில் ஒரு குறையும் இருந்ததில்லை.

தமிழில் இந்த நடுப்பகுதியை எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. டி.செல்வராஜின் 'தோல்', திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் ஒரு சங்கம் எப்படிச் செங்கல் செங்கலாக எழுந்தது என்று காட்டுகிறது. மனு, நோட்டீஸ், பேச்சுவார்த்தை, கோர்ட் என்று அந்த வேலையின் அலுப்பையும் சேர்த்து எழுதிய நாவல். 2012-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. நம் தலைமுறை வாசகர்கள் அதைத் தட்டையான யதார்த்தவாதம் என்று தள்ளிவிட்டார்கள். சில இடங்களில் தட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அது கட்டுவதைப் பற்றிய நாவல், கையளிப்பதைப் பற்றியதல்ல. பொன்னீலனின் 'புதிய தரிசனங்கள்' நெருக்கடி நிலைக் காலத்தில் கட்சி எடுத்த நிலைப்பாட்டைக் கட்சிக்குள் நின்றே உரசிப் பார்க்கிறது. 1992-ல், சோவியத் கலைந்த கையோடு வந்தது. ஜெயமோகன் நாவலையும் இதையும் ஒருசேர வைத்து யாராவது விரிவாக எழுதவேண்டும். ஒருவர் கட்சியை விட்டு வெளியே வந்து கேட்கிறார், மற்றவர் உள்ளே உட்கார்ந்து கேட்கிறார். வெளியே வந்து கேட்பதுதான் துணிச்சல் என்று நாம் பழகிவிட்டோம். உள்ளே இருந்து கேட்டு, வாக்கெடுப்பில் தோற்று, அடுத்த கூட்டத்துக்கும் போவதற்கு வேறு மாதிரியான தைரியம் வேண்டும்.

இதில் என்னை உறுத்தும் விஷயம், நாவல் நடக்கும் இடம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நிலம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 1957-ல் ஈ.எம்.எஸ் ஆட்சி, 1959-ல் மத்திய அரசு அதைக் கலைத்தது, 1967-ல் அவரே மறுபடியும் முதல்வர். 1982-லிருந்து 2016 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி கை மாறியது. ஹண்டிங்டன் சோதனையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எழுதிப் பாஸாகும் ஒரு மாநிலம். 2021-ல்தான் அந்த வரிசை முறிந்து, ஆண்ட இடது முன்னணியே தொடர்ந்தது. தோற்று, எதிர்வரிசையில் உட்கார்ந்து, கத்தி, வெளிநடப்பு செய்து, மறுபடி ஜெயித்து, மறுபடி தோற்கத் தெரிந்த கம்யூனிஸ்ட் கட்சிகள். அங்கேயும் அரசியல் கொலைகள் உண்டு, கண்ணூரை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் வங்காளம்போல் ஒரே பூட்டாக அது இறுகவில்லை. சர்ச், நாயர் சங்கம், முஸ்லிம் லீக், நூலக இயக்கம், கூட்டுறவு வங்கி என்று பல கைகளில் பல சாவிகள் இருந்தன, எந்தக் கட்சியாலும் எல்லாவற்றையும் ஒரே கொத்தில் கோக்க முடியவில்லை.

மலையாள இலக்கியத்தோடு இவ்வளவு நெருக்கமான ஒருவர், எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று எழுதும்போது, மாஸ்கோவரை பார்வையை எறிந்தவர், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த இந்த உதாரணத்தின்மீது ஏன் தங்கவில்லை? ஒரு ஊகம் சொல்கிறேன். தேர்தலில் தோற்றுப் போவதில் காவியம் கிடையாது. புகாரின் கொல்லப்பட்டால் அது துயர நாடகம், ஈ.எம்.எஸ் தோற்றால் மறுநாள் பேப்பரில் ஓட்டு விவரம். கே.கே.எம் விழும்போதும் நாவல் அதை ஒரு மூத்தவரின் வீழ்ச்சியாக, குருவுக்குச் சீடன் செய்த துரோகமாக எழுதுகிறது. அந்தப் பக்கங்கள் மனதை அறுக்கின்றன. ஆனால் அடுத்த சங்கத் தேர்தலில் மனு போட்டு, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு, அருணாசலத்தைத் தோற்கடித்து, சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொள்ளும் ஒரு கே.கே.எம்-ஐ எவ்வளவு முயன்றும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நாவல் அதற்கு ஒரு பக்கம்கூட விட்டுவைக்கவில்லை.